மூன்று கிலோ முகப்பொடி

ஒரு தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு சிவகாசியிலிருந்து பட்டாசு கிஃப்ட் பாக்ஸ் வந்தது. அதைப் பிரிப்பதற்கு முன்பே பொன்னுத்தங்கத்துக்கு நிம்மதி போய்விட்டது. பெட்டியின் மூடியில் முருகேஸ்வரி சிரித்துக்கொண்டிருந்தாள்.

முருகேஸ்வரி அவளுடைய கொழுந்தன் பெண்டாட்டி. கொழுந்தனுக்குச் சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி. வழக்கமாக அந்தப் பெட்டி மூடியில் ஒரு மயில் இருக்கும், அல்லது எந்த ஊரென்று தெரியாத ஒரு வெள்ளைக்காரக் குழந்தை இருக்கும். அந்த வருடம் இரண்டையும் ஓரங்கட்டிவிட்டு முருகேஸ்வரி வந்து உட்கார்ந்துவிட்டாள். தலைக்குப் பின்னால் மூன்று நிறத்தில் வாணம் பூத்திருந்தது. கீழே கொட்டை எழுத்தில் 'முருகேஸ்வரி ஸ்பெஷல், 36 வகை' என்று போட்டிருந்தது.

"பெட்டிதானே. தீவாளி முடிஞ்சா குப்பைக்குப் போயிரும்" என்று பொன்னுத்தங்கம் தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் அட்டை கெட்டியான அட்டை. கார்த்திகை வந்தது, தை வந்தது, உறவில் யார் வீட்டுக்குப் போனாலும் முருகேஸ்வரி இருந்தாள். ஒரு வீட்டில் மாத்திரை அட்டைகளை மூடிக்கொண்டிருந்தாள். இன்னொரு வீட்டில் தையல் நூல்களை. சொந்த வீட்டிலேயே மருமகள் பிரீத்திகா அந்தப் பெட்டியில் சார்ஜர் வயர்களைச் சுருட்டி வைத்திருந்தாள். போன் சார்ஜ் போடப் போகும்போதெல்லாம் பொன்னுத்தங்கம் அந்தச் சிரிப்பைத் தூக்கித்தான் வயரை எடுக்க வேண்டியிருந்தது.

ஆடிப் பதினெட்டுக்குத் திருத்தங்கல் அச்சகத்திலிருந்து புது வருடக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வந்தபோது அவள் முடிவெடுத்துவிட்டாள்.

அவள் வீட்டுக்காரர் முத்துக்கிருஷ்ணன் விருதுநகரில் வத்தல் மண்டி வைத்திருப்பவர். வருடா வருடம் மூவாயிரம் காலண்டர் அடித்து, மதுரையிலிருந்து கேரளா வரைக்கும் தன்னிடம் மிளகாய் வத்தல் வாங்குகிற கடைகளுக்கு அனுப்புவார். காலண்டரில் எப்போதும் மகாலட்சுமி.

"இந்த வருசம் நான்" என்றாள் பொன்னுத்தங்கம்.

முத்துக்கிருஷ்ணன் ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே, "எங்கன?" என்றார்.

"காலண்டர்ல. அவ பெட்டியில வந்தா. பெட்டி பத்து நாளு. காலண்டரு வருசம் பூரா தொங்கும்."

"அம்பது வருசமா மகாலட்சுமி இருக்கா, தங்கம். எங்கப்பா காலத்துல இருந்து."

"இருக்கட்டும். அவளை யாரு போகச் சொன்னா? கொஞ்சம் தள்ளி உக்காரட்டும்."

மகாலட்சுமி மேலே, கம்பெனி பெயர் நடுவில், பொன்னுத்தங்கம் வலது பக்கம் முழு உயரத்துக்கு நிற்பது என்று ஒப்பந்தமாயிற்று. கீழே, அவள் கால் பக்கம், தினமும் கிழிக்கிற தேதித்தாள் கட்டு. அச்சகத்தில் டிசைன் போடுகிற செழியன் புரட்டாசி முதல் வியாழக்கிழமை வந்து போட்டோ எடுப்பதாகச் சொன்னான். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் பிளேட் போட்டாக வேண்டும். சீசன். அந்த வெள்ளியை விட்டால் மகாலட்சுமிதான் என்று போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டான்.

அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் பொன்னுத்தங்கம் மருமகளை வாஷ்பேசினில் பார்த்தாள். பிரீத்திகா ஒரு சின்னக் கிண்ணத்தில் அரிசிமாவையும் தயிரையும் குழைத்து, நனைத்த கன்னத்தில் மூன்று விரல் நுனியால், தூங்குகிற பிள்ளையைத் தடவுவதுபோல வட்ட வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தாயி, முகத்துல பணியாரத்துக்குக் கரைக்கே?"

"ஸ்க்ரப் அத்தை. மேல செத்துக் கிடக்கிற தோலை எடுக்கிறது. எடுத்தா அடியில இருக்கிற புதுத்தோலு பளிச்சுன்னு தெரியும்."

"செத்த தோலா? எனக்கும் இருக்கா?"

கேட்டது மாமியார். பிரீத்திகா கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னாள். "எல்லாருக்கும் இருக்கும் அத்தை."

அந்தப் பதிலிலிருந்து பொன்னுத்தங்கம் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: முருகேஸ்வரி ஏற்கெனவே எடுத்துவிட்டாள்.

"வாரத்துக்கு ஒரு தடவை போதும் அத்தை" என்று பிரீத்திகா சொல்லிக்கொண்டே போனாள். "ஒரு நிமிசம்கூட வேண்டாம். அமுக்கித் தேய்க்கக் கூடாது. கழுவிட்டுத் துண்டால ஒத்தி எடுத்துட்டு உடனே கிரீம் போட்ரணும்."

"ஒரு தடவைக்கு எம்புட்டு மாவு?"

"ஒரு கரண்டி."

பொன்னுத்தங்கம் சிரித்தாள். அந்தக் குடும்பத்தில் கரண்டி என்பது ரசத்துக்கு மட்டும்தான் அளவு. மற்றதெல்லாம் மூட்டை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் எதையும் சில்லறையாக வாங்கியதில்லை. தோலை மட்டும் ஏன் சில்லறையாக எடுக்க வேண்டும்? ஐம்பத்து மூன்று வருடத்துத் தோல், வியாழக்கிழமைக்குள் போக வேண்டும். மருமகளின் போனை வாங்கி நாலைந்து வீடியோ பார்த்தாள். ஒருத்தி பாசிப்பயறு என்றாள், ஒருத்தி மைசூர்ப் பருப்பு, ஒருத்தி ஆரஞ்சுத் தோல், ஒருத்தி ரோஜா இதழ். பொன்னுத்தங்கம் யார் மனதையும் புண்படுத்தவில்லை. எல்லாவற்றையும் எடுத்து மொட்டை மாடியில் இரண்டு நாள் வெயிலில் காயவைத்தாள். மணிக்கு ஒரு தடவை மாடியேறி, காய்ந்துவிட்டதா என்று கிள்ளிப் பார்த்துவிட்டு வந்தாள். மொத்தம் மூன்று கிலோ தேறியது.

"மிக்சியில போட்டு அரைச்சுத் தரட்டா அத்தை?" என்றாள் பிரீத்திகா.

"கொரகொரன்னு நிக்கும். மில்லுல குடுத்தாத்தான் மைதா மாதிரி வரும்."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு டின்னைத் தூக்கிக்கொண்டு மணிமுத்துவின் மாவு மில்லுக்குப் போனாள். மணிமுத்துவின் மில்லில் ஒரு சட்டம் உண்டு. காலையில் அரிசி, கோதுமை. பகலில் மல்லி, மஞ்சள். நாலு மணிக்கு மேல் வத்தல் மட்டும். வத்தல் ஓடிய கல்லில் மறுநாள் இரண்டு படி பழைய அரிசியை ஓட்டிக் கழித்த பிறகுதான் அடுத்த மாவு. விருதுநகரில் சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். பொன்னுத்தங்கத்துக்கும் தெரியும். ஆனால் சட்டம் வரிசையில் நிற்பவர்களுக்கு உண்டானது, மண்டிக்காரர் வீட்டம்மாவுக்கு இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

"வாங்கம்மா. இப்ப வத்தலு ஓடுது" என்றான் மணிமுத்து. "காலையில முத ஆளா நானே வந்து டின்னை வாங்கிக்கிடுதேன்."

"காலையில வரைக்கும் தாங்காது மணி. எனக்கு ராத்திரிக்குள்ள வேணும்."

"கல்லு பூரா வத்தலும்மா. நெடி ஏறிரும்."

"வத்தல் யாரு வத்தல்?"

"நம்ம மண்டி வத்தல்தான்."

"பெறகு என்ன? எனக்கே வத்தலைப் பத்திச் சொல்லித் தாரியா? அரிசியை ஓட்டிட்டு இதைப் போடு."

மணிமுத்து அரிசியைக் கொட்டினான். மேலே ஆடிக்கொண்டிருந்த தகரப் புனலில் அரைப்படி இறங்கியிருக்கும். பொன்னுத்தங்கம் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றாள். பஸ்ஸுக்கு நிற்பவளைப் போலத் தெருவை எட்டிப் பார்த்தாள். "போதும் போதும், போடு" என்றாள்.

"இன்னும் ஒன்னரைப் படி இருக்கும்மா."

"போடுன்னா போடேன்."

போட்டான். மூன்று கிலோவும் மைதா மாதிரியே வந்தது. இளஞ்சிவப்பு நிறம். மைசூர்ப் பருப்பும் ரோஜா இதழும் சேர்ந்து எப்படிக் கொடுத்திருக்கிறது பார் என்று அவளுக்குப் பூரிப்பு.

இந்த இடத்தில் வேறு எந்த வீடாக இருந்தாலும் கதை முடிந்திருக்கும். டின்னைத் திறந்ததும் யாராவது ஒருவர் தும்மியிருப்பார்கள். ஆனால் முத்துக்கிருஷ்ணனின் வீடு மண்டிக்கு மேல் மாடியில் இருக்கிறது. நாற்பது வருடமாகக் கீழிருந்து ஏறி வருகிற நெடியில் அந்த வீட்டு மூக்குகளுக்கு வத்தல் ஒரு வாசனையாகவே படுவதில்லை. மற்ற வீடுகளில் காற்று இருக்கிற மாதிரி அங்கே வத்தல் இருந்தது. பிரீத்திகா மதுரைப் பெண். வந்த புதிதில் ஆறு மாதம் விடாமல் தும்மினாள். ஒரு நாள் தும்மல் நின்றது. அன்றைக்குப் பொன்னுத்தங்கம் பாயசம் வைத்து, "இப்பத்தான் இவ நம்ம வீட்டுப் பிள்ளை" என்று சொந்தபந்தத்துக்கெல்லாம் போன் போட்டாள். அந்த வீட்டில் மிச்சமிருந்த ஒரே நல்ல மூக்கும் அப்படித்தான் போயிற்று.

ஆகவே பிரீத்திகா டின்னில் மூக்கை வைத்து முகர்ந்துவிட்டு, "ஆரஞ்சு வாசம் நல்லா வருது அத்தை" என்றாள்.

ஏழு மணிக்குப் பொன்னுத்தங்கம் வேலையைத் தொடங்கினாள். ஒரு கரண்டிக்குப் பதில் ஒரு சோற்றுக் கிண்ணம். மூன்று விரலுக்குப் பதில் இரண்டு உள்ளங்கை. வட்டம் கிட்டம் ஒன்றுமில்லை. அடிப்பிடித்த பால் சட்டியைத் தேய்க்கிற தேய்ப்பு. அரை நிமிடத்தில் கன்னம் சுருக்கென்றது.

"பிரீத்தி, லேசா எரியுது."

அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "லேசா சுருசுருன்னு இருக்கும்னு வீடியோவுலயே சொன்னாங்கள்ல அத்தை."

அப்படியானால் வேலை செய்கிறது. பொன்னுத்தங்கம் இன்னும் அழுத்தினாள். எரிச்சல் கூடியது. நன்றாக வேலை செய்கிறது. முருகேஸ்வரி இதையெல்லாம் தாங்கித்தானே பெட்டியில் சிரித்தாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். நாலாவது நிமிடத்தில் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஆறாவது நிமிடத்தில் அவளுக்கு முருகேஸ்வரியின் முகம் மறந்துவிட்டது, தன் பெயரும் மறந்துவிடும் போலிருந்தது. சத்தம் கேட்டு மண்டியிலிருந்து கணக்குப்பிள்ளை ஓடிவந்து மாடிப்படியில் நின்றார்.

தயிர் இரண்டு லிட்டர், ஐஸ் ஒரு தட்டு, தேங்காயெண்ணெய் கால் படி. பிரீத்திகா பொடியை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுக் குழாயடிக்கு ஓடினாள். புதன்கிழமை காலை தோல் டாக்டர் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "என்ன போட்டீங்க?" என்று கேட்டார்.

"பயத்தம் பருப்பு" என்றாள் பொன்னுத்தங்கம். கவுரவத்தில் அதற்கு மேல் சொல்லவில்லை.

டாக்டர் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். ஒரு மாதத்துக்கு முகத்தில் வேறு எதையும் தேய்க்கக் கூடாது என்றார். செத்த தோலோடு உயிருள்ள தோலும் கொஞ்சம் போயிருக்கிறது என்றார்.

முத்துக்கிருஷ்ணன் நேராக மணிமுத்துவின் மில்லுக்குப் போய் நின்றார்.

"ஏலே, என்ன காரியம்லே செஞ்சு வச்சிருக்கே?"

"நான் மூணு தடவை சொன்னேன் அண்ணாச்சி. அம்மா கேக்கலை."

"கல்லுல ஒட்டிக்கிட்டிருந்த தூசி. அதுக்கா அம்புட்டுக் காரம்?"

"நேத்து ஓடுனது நம்ம பரமக்குடி குண்டு வத்தலு அண்ணாச்சி. போன வாரம் எறங்குச்சே, அந்த லோடு."

முத்துக்கிருஷ்ணன் கல்லில் ஒட்டியிருந்த சிவப்புத் தூளை விரலால் தொட்டுப் பார்த்தார். அந்த லோடில் இன்னும் நாற்பது மூட்டை அவரிடம் இருந்தது. கோபமாகப் போனவர் யோசனையோடு திரும்பி வந்தார். அன்று சாயங்காலமே அந்தச் சரக்கின் விலையைக் கிலோவுக்கு எட்டு ரூபாய் ஏற்றிவிட்டார். வீட்டில் இதை அவர் சொல்லவில்லை.

வியாழக்கிழமை. பொன்னுத்தங்கம் விடிந்ததிலிருந்து கண்ணாடிக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். வீக்கம் வடிந்திருந்தது. நிறம் வடியவில்லை. நெற்றியிலிருந்து தாடை வரை கீழே காயப்போட்டிருக்கிற சரக்கின் அதே நிறம். பவுடர் போடக் கூடாது. செழியன் பதினோரு மணிக்கு வருவான்.

"மகாலட்சுமியே இருந்துட்டுப் போகட்டுமே" என்றார் முத்துக்கிருஷ்ணன்.

"முருகேஸ்வரிக்குப் போன் போட்டுச் சொல்லியாச்சு."

"எதுக்குச் சொன்னே?"

"பெறகு எதுக்காம் காலண்டரு?"

முத்துக்கிருஷ்ணன் வியாபாரி. சரக்கு மங்கிப்போனால் அதைத் தூரப் போடுகிறவர் இல்லை. மங்கிய வத்தலை விற்க வேண்டுமானால் பக்கத்தில் அதைவிட மங்கியதை ஒரு குவியல் கொட்டிவைப்பார், அப்போது இது பளிச்சென்று தெரியும். அந்த யோசனையை அப்படியே புரட்டிப் போட்டார். "நீ மண்டிக்கு வா. வத்தல் குமியலுக்குப் பக்கத்துல இருந்து எடுத்தா உன் செவப்பு தெரியாது. அதுதான் செவப்பாத் தெரியும். நீ வெள்ளையாயிருவே."

முப்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் சொன்னதிலேயே நல்ல வார்த்தை அதுதான் என்று பொன்னுத்தங்கத்துக்குப் பட்டது. மயில்கழுத்து நிறப் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு கீழே இறங்கினாள். ஆட்கள் பரமக்குடிச் சரக்கில் பன்னிரண்டு மூட்டையை அவிழ்த்துக் கொட்டி ஆள் உயரத்துக்குக் குவித்திருந்தார்கள். அவள் பக்கத்தில் நின்றாள். செழியன் கேமராவில் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

"பின்னால வெள்ளைச் சுவரு வருது மேடம். செவப்பு அப்படியே தெரியுது."

"அப்ப உக்காருதேன். குமியலு தலைக்கு மேல வந்துருமில்ல?"

ஒரு குட்டை முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். இப்போது எந்தப் பக்கமும் வத்தல். நடுவில் அவள் முகம். உண்மையிலேயே வெளிறித் தெரிந்தது. முத்துக்கிருஷ்ணனுக்கே ஆச்சரியம்.

"மேடம், ஒரு விசயம்" என்றான் செழியன். "நீங்க நிக்கிற மாதிரிதான் டிசைன் வச்சிருக்கேன். உக்காந்தா முகம் கீழ எறங்கிரும். கீழதான்…"

"எடுப்பா. எரியுது."

"இல்ல மேடம், கீழ நம்ம…"

"வாயைப் பொத்திக்கிட்டு எடு."

செழியன் எடுத்தான். அந்த வாரம் அவனிடம் நூற்றுப் பதினேழு காலண்டர் இருந்தது. ஒரு மண்டிக்காரம்மாவோடு மல்லுக்கட்ட அவனுக்கு நேரமில்லை. வெள்ளிக்கிழமை காலையில் போனில் படத்தை அனுப்பினான். மேலே மகாலட்சுமி, நடுவில் கம்பெனி பெயர், கீழே பொன்னுத்தங்கம். அட்டை மட்டும். அவள் தன் முகத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, கன்னத்தைப் பார்த்தாள், மூக்கைப் பார்த்தாள், நெற்றியைப் பார்த்தாள். 'ஓகே' என்று குரல் பதிவு அனுப்பச் சொன்னாள். மருமகள் அனுப்பினாள்.

மிச்சமிருந்த முகப்பொடி வீணாகவில்லை. முத்துக்கிருஷ்ணன் அதை மண்டி வாசற்படியோரம் கோடாகத் தூவச் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் எறும்பு வந்ததில்லை.

மார்கழி முதல் வாரத்தில் திருத்தங்கலிலிருந்து மூவாயிரமும் லாரி ஏறின. முக்கால்வாசி அப்படியே வெளியூருக்குப் போய்விட்டன. மிச்சக் கட்டை அவிழ்த்து முதல் காலண்டரை முத்துக்கிருஷ்ணன்தான் உருவினார். பார்த்தார். சுருட்டினார். மறுபடி விரித்துப் பார்த்தார். பிறகு மருமகளைக் கூப்பிட்டு, "நீயே கொண்டுபோய் அத்தைகிட்டக் குடு தாயி" என்றார்.

மேலே மகாலட்சுமி இருந்தாள். நடுவில் கம்பெனி பெயர். அதற்குக் கீழே செக்கச்செவேலென்று குண்டு வத்தல் குவியல். குவியலின் நடுவில், எல்லாக் காலண்டருக்கும் வழக்கமாக அடிக்கிற இடத்தில், முந்நூற்று அறுபத்தைந்து தாள் கொண்ட தேதிக் கட்டு கம்பி பிணைத்து அடிக்கப்பட்டிருந்தது. கட்டுக்குக் கீழே மயில்கழுத்துப் பட்டின் கரையும், இரண்டு பாதங்களும் தெரிந்தன.

பொன்னுத்தங்கம் கட்டின் ஓரத்தைத் தூக்கி உள்ளே பார்த்தாள். இருட்டாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"அக்கா, காலண்டரு வந்துச்சு. ஹால்ல ஆணியடிச்சு மாட்டியாச்சு" என்றாள் முருகேஸ்வரி. "நீங்க இருக்கீகன்னு சொன்னீகளே. நானும் பார்க்கேன், பார்க்கேன்."

"கீழ பாரு."

"கீழ தேதிதான இருக்கு."

"அதுக்குக் கீழ."

போனில் மேஜை டிராயர் திறக்கிற சத்தம் கேட்டது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொள்கிறாள் போலிருந்தது.

"ஆமா, தெரியுது. மெட்டி நல்லா இருக்குக்கா. புதுசா?"

பொன்னுத்தங்கம் போனை வைத்துவிட்டாள். கண்ணாடி முன் போய் நின்றாள். களிம்புக்கும் மூன்று மாதம் சும்மா விட்டதற்கும் பிறகு முகம் நிஜமாகவே நன்றாக இருந்தது. கன்னத்தில் ஒரு புள்ளி கிடையாது. இந்த முகம் இனி மூவாயிரம் சுவரில் தேதிக் கட்டுக்கு அடியில் தொங்கும். அடுத்த டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி கடைசித் தாளைக் கிழிக்கும்போது அது வெளியே வரும். அன்றைக்கே புதுக் காலண்டரை மாட்டிவிட்டுப் பழையதைக் கழற்றிப் போடுவார்கள்.

"ஒரு நாளைக்கு ஒரு தாளு அத்தை" என்றாள் பிரீத்திகா ஆறுதலாக. "பொறுமையாப் போனா தானா வந்துரும்."

புது வருடம் பிறந்து மூன்றாவது நாள் காலையில் முத்துக்கிருஷ்ணன் மாடிக்கு வந்தார். கேரளாவுக்கு லோடு அனுப்ப வேண்டும், ராகுகாலம் பார்க்க வேண்டும். சுவரைப் பார்த்தவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"தங்கம், இன்னைக்கு என்ன தேதி?"

பொன்னுத்தங்கம் சோபாவில் உட்கார்ந்து எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் காகிதம் குவிந்து கிடந்தது. சுவரில் மார்ச் பதினாலு ஆகியிருந்தது.